அந்தப் பக்கத்து ஆளு

உங்க காலக் கொஞ்சம் அங்கிட்டு நகத்திக்கிடுங்க சார். ஒண்ணும் செய்யாது, கடிக்காது. வேட்டியில சுத்தி வச்சிருக்கதால ஆளாளுக்கு ஒண்ணு நெனைக்காங்க. தென்காசி ஸ்டாண்டுல ஒரு அம்மா செருப்பக் கழத்திட்டு இதக் கும்பிட்டுட்டுப் போகுது. சாமின்னு நெனச்சிட்டு போல. நானும் சும்மா இருப்பனா, கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்ணி அனுப்பிட்டேன்.

நீங்க எங்க, அம்பாசமுத்திரமா? நான் ஆழ்வார்குறிச்சி. உங்களுக்கு முன்னாலயே எறங்கிருவேன், அதுவரைக்கும் பொறுத்துக்கிடுங்க.

கண்டக்டர் வாராரு பாருங்க. இப்ப என்ன கேப்பாருன்னு சொல்லுதேன். "அண்ணா...ச்சி, இது லக்கேஜா, ஆ...ளா?" கேட்டாரா? நான் சொன்ன அதே இழுப்பு. எய்யா, லக்கேஜ்தான், ஆளுன்னா ஜன்னல் சீட்டு கேட்டுருக்கும், கிழிச்சிக் குடுங்க. சிரிக்காரு பாருங்க. ஒரு மாதிரியாத்தான் சிரிக்காரு. இந்த ரோட்டுல ஓடுத கண்டக்டர் அம்புட்டுப் பேர் கொரலும் எங்கிட்ட இருக்கு சார். நீங்க இப்பம் தும்முனீங்கல்லா, "ஹ... ஹ... ஹப்ச்சி"ன்னு, ரெண்டு தடவ எட்டிப் பாத்துட்டு மூணாவது தடவ வெளிய வருது. அதையும் வாங்கி வச்சிக்கிட்டேன். கோவிச்சுக்கிடாதீங்க. என்னைய ஒருத்தரும் கோவிக்கமாட்டாங்க.

ஒருத்தனத் தவிர. அவனப் பாக்கத்தான் போறேன்.

இது என்னன்னு கேக்குதீங்க. கேக்கலையா? முழிச்ச முழியப் பாத்தா கேட்டாப்புல இருந்துச்சு. சரி, கடையம் வர வரைக்கும் சும்மாதான இருக்கோம், சொல்லுதேன்.

நமக்கு மரவேல. கண்ணாடிச் சட்டம், படச்சட்டம், அலமாரிக் கதவு, டீப்பாயி. ஒரு சட்டம்னா நாலு மூலை. ஒவ்வொரு மூலையிலயும் ரெண்டு கட்டை சாய்வா வந்து முட்டணும். சாய்வு சரியா இருந்தா அந்த எடத்துல தலைமுடி நொழையாது. ஒரு நூலு பெசகிச்சுன்னா வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும். அந்தச் சாய்வ ஒவ்வொரு தடவையும் கோடு போட்டுப் போட்டு அறுத்துக்கிட்டிருந்தா எப்பம் சோறு திங்க? அதுக்குத்தான் இந்தப் பெட்டி.

பெட்டின்னு சொல்லுதேன், பெட்டி இல்ல, பலகை. பலகை மேல ரெண்டு கட்டை, நாம கும்பிடும்போது வெரல் நுனி மட்டும் சேந்து, கை விரிஞ்சிருக்கும்லா, அப்படி. நடுவுல ரம்பம் போறதுக்கு ஒரு கீத்து. சட்டத்துக் கட்டையக் கொண்டுவந்து சாத்தி வச்சி, கீத்துக்குள்ள ரம்பத்த விட்டா சோலி முடிஞ்சிது. கண்ண மூடிக்கிட்டு அறுக்கலாம். நான் ஒரு நாள் மூடிக்கிட்டே அறுத்துக் காட்டியிருக்கேன், அப்புறம் எம் பொஞ்சாதி ரம்பத்தப் பிடுங்கிட்டுப் போயிட்டா.

இதுக்கு மிஷின் விக்கான் கடையில. எனக்கெதுக்கு? பள்ளிக்கூடத்துல கழிச்சிப்போட்ட பெஞ்சுப் பலகை, பழைய தேக்கு, அதுல நானே செஞ்சேன். மூலைமட்டம் வச்சி ரெண்டு கட்டையையும் ஒண்ணுக்கொண்ணு சுத்தமா அடிச்சேன். நடுவுல இருக்க கீத்து மட்டும் கண்ணளவு. எங் கண்ணுக்கு எதுக்கு மட்டம்? இந்தா, இந்த பஸ்ஸே டிரைவர் பக்கம் ஒரு நூலு எறக்கமா போகுது. உங்களுக்குத் தெரியுதா? எனக்குத் தெரியுது.

பட்டறையில நானும் எம் மச்சினனும்தான். எம் பொஞ்சாதி உலகம்மாவோட கூடப் பெறந்த தம்பி, பேரு திரவியம். எம் பொஞ்சாதியும் ஒரு மூலையில உக்காந்து உப்புத்தாள் போடுவா, பாலிஷ் அடிப்பா. திரவியம் கொற சொல்ல முடியாத வேலக்காரன். ஆனா ஒரு ஆளு பேச்சுக்குப் பதில் சொல்ல அவனுக்கு ஒரு பொழுது வேணும். "மாப்ள, டீ குடிப்பமா?"ன்னு கேப்பேன். காதுல சொருவியிருக்க பென்சில எடுப்பான். பாப்பான். திரும்பச் சொருவுவான். "பா...ப்போம்த்தான்." டீக்கு எதுக்குல பாப்போம்? டீ என்ன பொண்ணா?

இன்னொரு பழக்கம், அதுதான் விசயமே. நான் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்னு கட்டையோட ஒரு முனைய அறுத்துக் குடுப்பேன். அடுத்த முனைக்கு என்ன செய்யணும்? கட்டையத் திருப்பிப் போட்டு, அதே பக்கத்துல சாத்தி அறுத்தா ஆச்சு. மாட்டான் சார். கட்டையத் தூக்கிக்கிட்டு, மேசையச் சுத்தி, அந்தப் பக்கம் போயி நின்னுதான் அறுப்பான். எடங்கைக்காரனும் கெடையாது. "ஏல மாப்ள, இந்தப் பக்கம் என்ன முள்ளு கெடக்கா?"ம்பேன். "இருக்கட்டும்த்தான்"ம்பான். இத்தன வருசமும் இதே கூத்துதான். பட்டறைக்கு யார் வந்தாலும் நான் இத நடிச்சிக் காட்டுவேன். பென்சிலு, பாப்போம், சுத்திப் போறது, அந்தப் பக்கம் நின்னு ரெண்டு தும்மல் போட்டு மூக்கச் சிந்துறது, எல்லாம். வந்தவங்க சேர் வாங்குதாங்களோ இல்லையோ, சிரிச்சிட்டுப் போவாங்க. திரவியமும் சிரிப்பான்.

சரி. எம் மக இசக்கிக்குக் கல்யாணம் கூடி வந்துது. மாப்பிள்ளைக்குப் புளியங்குடி, நல்ல எடம். நிச்சயதார்த்தம் நம்ம வீட்டுல. சாப்பிட்டு முடிச்சி எல்லாரும் வெத்தல போட்டுக்கிட்டு இருக்கும்போது சம்மந்தி கேக்காரு, "நீங்க நல்லா ஆளுக மாதிரி நடிப்பீங்களாம்லா?" நானா எந்திரிக்கல சார், அவங்க கேட்டாங்க. அவங்க கேட்டு முடிக்கங்குள்ள எந்திரிச்சிட்டேன், அது வேற விசயம்.

மொதல்ல நிச்சயம் பண்ணி வைக்க வந்த அய்யர நடிச்சேன். பொறவு எங்க வார்டு மெம்பரு. பொறவு சம்மந்தியவே அவர் கொரல்லயே, "நீங்க நல்...லா ஆளுக மாதிரி"ன்னு, மனுசன் இருமி இருமிச் சிரிக்காரு, முதுகுல ரெண்டு பேரு தட்டுதாங்க. அப்பம் நிறுத்த மனசு வருமா? கடைசியா திரவியம். காதுல பென்சிலு. சாப்பாட்டு எலையப் போட்டாச்சு. எலைக்கு முன்னால நிக்கான். "பா...ப்போம்." எலையச் சுத்தி அந்தப் பக்கம் போறான். அங்க உக்காந்து, சோறு இங்கிட்டு இருக்கு, ஆளு அங்கிட்டு இருக்கான், எட்டி எட்டி எடுக்கான், தும்முதான். வீடே உருளுது. அதோட விட்டனா? "சம்மந்தி, இவன் எங்கிட்டதான் தொழில் கத்துக்கிட்டான். அறுக்கக் கத்துக்கிட்டான், இழைக்கக் கத்துக்கிட்டான், எந்தப் பக்கம் நிக்கணும்னு மட்டும் இன்னும் கத்துக்கிடல"ன்னேன். அதுக்கும் ஒரு கைதட்டு.

திரவியம் சிரிச்சான் சார். நான் பாத்தேன். வெத்தலத் தட்டக் கீழ வச்சிட்டுச் சிரிச்சான். சிரிச்சவனுக்கு எப்படிக் கோவம் வரும், நீங்க சொல்லுங்க?

மறுநாள் காலையில வாரான். அவனோட உளி, இழைப்புளி எல்லாம் எடுத்து ஒரு சாக்குல போடுதான். "ஆழ்வார்குறிச்சியில ஒரு பட்டறையில கூப்பிடுதாங்கத்தான்"ங்கான். "என்ன மாப்ள, கோவமா?"ன்னேன். "கோவமெல்லாம் இல்லத்தான்"னான். அவன் சொன்ன வாக்குலயே நானும், "கோ...வமெல்லாம் இல்லத்தான்"னேன். சும்மா ஒரு இதுக்கு. சாக்கத் தோள்ல போட்டான், போயிட்டான்.

கடையம் வந்துட்டு பாருங்க. பேச்சுல ஊரு தெரியல.

நான் ஒண்ணும் கலங்கல. போனா போறான், நமக்குக் கையில்லயா? மகளுக்குச் சீர்வரிசையா முகம் பாக்குத கண்ணாடி மேசை ஒண்ணு செய்யணும், நான்தான் செய்யணும், கடையில வாங்குனா நல்லா இருக்குமா? கட்டில் ஏற்கெனவே முடிஞ்சிது. கண்ணாடிச் சட்டத்துக்கு நல்ல தேக்கா எடுத்து, இழைச்சி, இந்தப் பெட்டியில வச்சி, நாலு கட்டையிலயும் ரெண்டு முனையும் நானே அறுத்தேன். இந்தப் பக்கமே நின்னு. ஒரு சுத்து கெடையாது, தும்மல் கெடையாது, எம்புட்டு வேகம்! சேத்துப் பாக்கேன். மூணு மூலை முட்டுது. நாலாவது மூலை வாயப் பொளக்குது. அத அமுக்குனா மூணாவது பொளக்குது.

சாரல்னு நெனச்சேன். குத்தாலச் சாரல் அடிச்சா மரம் ஊதும். வெயில் வரட்டும்னு பாத்தேன். வெயில் வந்துது, அது வாய மூடல. ரம்பத்துக்குப் பல்லு மழுங்கிட்டுன்னு அரம் போட்டேன். மரம் சரியில்லன்னு வேற மரம் எடுத்து அறுத்தேன். அதுவும் பொளக்குது. எல்லா மரமும் ஒரே மாதிரிப் பொளந்தா என்ன அர்த்தம்? மரக்கடைக்காரன் ஏமாத்திட்டான்னு அர்த்தம். நேராப் போயிச் சண்டையும் போட்டுட்டு வந்தேன். கடைசியில மரத்தூளையும் பசையையும் கொழச்சி அந்த வாயில அடைச்சி, மேல பாலிஷ் போட்டு வச்சேன். பாத்தா தெரியாது.

உலகம்மா பாக்கல, நகத்த வச்சி ஒரு கீறு கீறுனா. அடைச்சதெல்லாம் உதிருது. அப்பத்தான் சொல்லுதா. "ஒம்ம பெட்டி செஞ்ச அன்னைக்கே கோணல். நடுக்கீத்து ஒரு நூலு சாஞ்சிருக்கு. ஒரு பக்கம் கூட அறுக்கும், மறுபக்கம் கொறச்சி அறுக்கும். ஒரு முனை இங்கிட்டும் ஒரு முனை அங்கிட்டும் அறுத்தா கூடுனதும் கொறைஞ்சதும் சேந்து சரியாயிரும். அதுக்குத்தான் எந் தம்பி அந்தப் பக்கம் நின்னான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"ன்னேன்.

"சொன்னா அத்தான் மூஞ்சி வாடிரும்க்கா, ஆசையாச் செஞ்சிருக்காங்க, நான் அங்கிட்டு நின்னுக்கிடுதேன், கணக்குச் சரியாயிரும்னு சொன்னான்"ங்கா.

பாத்தீங்களா சார்? இத்தன வருசம் ஒரே பட்டறையில நின்னுக்கிட்டு எங்கிட்ட மறைச்சிருக்கான்! அக்காவும் தம்பியும் சேந்து! இப்பம் யாரு கோவப்படணும்? நான்தான கோவப்படணும்? நான் படல. பெரிய மனசுன்னு வச்சிக்கிடுங்க.

உலகம்மா சொல்லுதது சரியான்னு பாக்கணும்லா. வேற நாலு கட்டை எடுத்தேன். ஒரு முனைய இங்கிட்டு அறுத்தேன், ஒரு முனைய அந்தப் பக்கம் சுத்திப் போயி அறுத்தேன். சேந்துட்டு சார். நாலு மூலையும் சேந்துட்டு. நாக்க வச்சி நக்கிப் பாத்தாலும் எங்க முட்டுதுன்னு தெரியாது.

ஆனா அந்தப் பக்கம் மனுசன் நிக்க முடியாது. எனக்குக் காத்து வரட்டும்னு ஃபேன இங்கிட்டு மாட்டி வச்சிருக்கேன், அது அறுக்குத தூளப் பூரா அங்கிட்டு நிக்கவன் மூஞ்சியில கொண்டு போயிக் கொட்டுது. ஒரு சட்டம் அறுத்து முடிக்கங்குள்ள எட்டுத் தும்மல் போட்டேன். பின்ன அவன் மூக்கச் சிந்தாம என்ன செய்வான்? ஃபேன நகத்திக்கிட வேண்டியதுதான? வாயத் தொறந்து கேட்டாத்தான? சவம், பாப்போம் பாப்போம்னே இருந்துட்டான்.

என்ன சார் கேக்குதீங்க? சட்டம்தான் சேந்துட்டே, பொறவு இந்தப் பலகையத் தூக்கிட்டு எதுக்கு ஆழ்வார்குறிச்சின்னா? நல்ல ஆளு சார் நீங்க. தும்மலு மாதிரியே கேள்வியும் எட்டிப் பாத்துட்டு வருது.

சொல்லுதேன். எங்க ஆளுகள்ல கல்யாணத்துக்குத் தாய்மாமன் வரணும். வந்து, மால போட்டு, பிள்ளையக் கையப் பிடிச்சி மணவறைக்குக் கூட்டிட்டுப் போகணும். அப்பன் இல்லாமக்கூட நடந்துரும், மாமன் இல்லாம நடக்காது. கண்ணாடி மேசைய வீட்டுல எறக்கி வச்சேன். இசக்கி வந்து பாத்தா. மூலைய எல்லாம் தடவுனா. "நல்லாருக்குப்பா"ன்னா. "மாமா எப்பம் வாராங்க?"ன்னா.

"பா...ப்போம்"னேன் அவன் கொரல்ல. எப்பவும் அதுக்குக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பா. சிரிக்கல.

கடையநல்லூர்ல ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தன் இருக்கான், அவனக் கூப்பிட்டுக்கிடலாம்னு யோசனை சொன்னேன். உலகம்மா கரண்டியக் கீழ வச்சா. அவ கரண்டிய வச்சா நான் வாசல்ல நிக்கணும்னு அர்த்தம். வாசல்ல நின்னுக்கிட்டு, "வேணும்னா அந்த நேரத்துல நானே அவன் கொரல்ல 'வா தாயி'ன்னு கூப்பிடுதேன், கண்ண மூடிக்கிட்டா வித்தியாசம் தெரியாது"ன்னேன். வெளையாட்டுக்குத்தான் சார். பிள்ள எந்திரிச்சி உள்ள போயிட்டு. போகும்போது சொல்லுதா, "மாமா வராட்டா நான் எடத்த விட்டு எந்திரிக்க மாட்டேன்." வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம்.

உலகம்மா போன் போட்டா தம்பிக்கு. என்ன சொல்லியிருப்பான்? அதேதான். "பாப்போம்க்கா." தாய்மாமன போன்ல கூப்பிட்டா மரியாதை இல்ல, ஒருக்கப் போயி அவனப் பாத்துப் பேசும்னு எங்கிட்ட சொல்லுதா. என்னத்தப் பேச? நான் என்ன தப்பாப் பேசுனேன், இப்பம் மாத்திப் பேச? சும்மா நடிச்சேன். கைதட்டுனாங்க.

அதனால நான் கூப்பிடப் போகல சார், பாத்துக்கிடுங்க. பெட்டி கோணலுன்னு தெரிஞ்சவன் அவன். அதச் சரி பண்ணவும் அவனுக்குத்தான் தெரியும். வேல விசயமாப் போறேன். பையில பத்திரிகை, வெத்தல பாக்கு, பழம் எல்லாம் இருக்கு, அது உலகம்மா வச்சி விட்டது. நான் பெட்டிக்காகப் போறேன். போன எடத்துல அவனாக் கல்யாணப் பேச்சு எடுத்தான்னா எடுக்கட்டும்.

ஒரு வேள எடுக்கலன்னா என்ன சொல்லணும்னு ஒண்ணு தயார் பண்ணி வச்சிருக்கேன். பெருசா ஒண்ணுமில்ல. "மாப்ள, நீ வரணும்." அம்புட்டுதான். சம்மந்தி கொரல்ல சொல்லிப் பாத்தேன், நல்லா வருது. அய்யர் கொரல்ல இன்னும் நல்லா வருது. இந்தக் கண்டக்டர் கொரல்லகூட வருது, "மா...ப்ள, நீ வரணு...ம்." எங் கொரல்ல சொன்னாத்தான் "மாப்ள"ங்கதோட நின்னுருது. சாரல் ஒத்துக்கிடல.

நிக்குதா? ஆழ்வார்குறிச்சியா? அதுக்குள்ளயா?

இந்தா, கண்டக்டர் வாராரு. "என்ன அண்ணாச்சி, இன்னைக்காவது எறங்குவீங்களா, இல்ல நேத்து மாதிரி அம்பாசமுத்திரம் வரைக்கும் வந்து டீயக் குடிச்சிட்டு இதே பெட்டியோட திரும்புவீங்களா?" இல்ல சார், நான் நடிக்கல, அவரேதான் கேக்காரு. நேத்து கண் அசந்துட்டேன். முந்தாநாள் கூட்டம், எறங்க முடியல. கூட்டம் இல்லன்னு அவர் சொல்லுதாரா? அவர் முன்னால நின்னாரு, அவருக்கு எப்படித் தெரியும்?

எய்யா, கொஞ்சம் பொறும். சார்கிட்ட பாதிக் கதையில நிக்கேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிடுதேன், அங்கன இருந்து நடந்து வந்தாலும் ஒண்ணுதான். ஏய், ஏய், அத எதுக்குத் தூக்குதீரு? கண்டக்டரே! அது லக்கேஜு, அதுக்குச் சீட்டு வாங்கியிருக்கேன்! சார், பிடிங்க சார், பாத்துக்கிட்டு இருக்கீங்களே!

எறக்கி வச்சிட்டாரு. ரோட்டுல வச்சிட்டாரு சார்.

அந்தா, எதுத்தாப்புல தகரம் போட்டிருக்குல்லா, அதுதான் பட்டறை. வாசல்ல தலையில துண்டு கட்டிக்கிட்டு நிக்கான் பாருங்க, அவன்தான் திரவியம். எளச்சிட்டான். வாரான். பஸ்ஸப் பாக்கல, பெட்டியத்தான் பாக்கான். பெட்டியில சுத்துன வேட்டிய அவுக்கான். கீத்துல வெரல விட்டுத் தடவுதான். என்ன தடவுதான்? நிமுந்து ஜன்னல் ஜன்னலாத் தேடுதான். சார், கொஞ்சம் குனிஞ்சிக்கிடுங்க, இல்ல, நீங்க எதுக்கு, நான் குனிஞ்சிக்கிடுதேன். பாத்துட்டானா?

இன்னும் பாக்கானா?

பெட்டியத் தூக்கித் தோள்ல வச்சிட்டானா? சரி. எங்க கொண்டு போறான்? உள்ளயா?

விசில் அடிக்காதீரும் கண்டக்டரே, பொறும்! எஞ் செருப்பு எங்க கெடக்கு? அந்தப் பைய எடுங்க சார், வெத்தல நசுங்கிராம. நான் ஒண்ணும் அவனக் கூப்பிடப் போகல. பெட்டி போகுதுல்லா, பின்னால போகாம என்ன செய்ய?